யார்மிலாவின் மூன்றாவது கம்பு

ஹோஸ்தின் மலையடிவாரத்து நாற்காலித் தொழிற்சாலையில், மரம் வளைக்கும் ஜோடிகள் தாங்கள் வளைத்த ஒவ்வொரு முதுகு வளையத்திலும் பெயரின் முதல் எழுத்துகளைப் பென்சிலால் எழுதிவிடுவார்கள். வளையம் காய்ந்து தேய்ப்பறைக்கு வந்ததும், உப்புத்தாளால் முதலில் அழிவது அந்த எழுத்துகள்தான். பத்தொன்பது வருடமாக அவற்றை அழித்தவள் யார்மிலா. வயது நாற்பத்தேழு. இப்போது தன் எழுத்தும் வளையத்தில் ஏற வேண்டும் என்று கிளம்பியிருந்தாள்.

மேஸ்திரி வீதெக் சிரித்துவிட்டுத்தான் சம்மதித்தான். மூன்று வாரம் பயிற்சி, பிறகு மூன்று கம்புகளை வளைக்கும் சோதனை. ஒன்றாவது முறியாமல் வளைந்தால் வளைப்பு மேடையில் இடம். இல்லையென்றால் மறுபடி உப்புத்தாள்.

சோதனை நாளில் முதல் கம்பு பத்து நிமிடத்தில் முறிந்துபோனது. நீராவிப் பெட்டியிலிருந்து எடுத்த பீச் என்ற காட்டு மரக் கம்பு ஆறுவதற்குள், எஃகுப் பட்டையோடு சேர்த்து இரும்பு அச்சைச் சுற்றி இருவரும் ஒரே சமயம் இழுக்க வேண்டும். யார்மிலா ஆர்வக்கோளாறில் முந்திக்கொண்டாள். அவளுக்குப் பயிற்சி கொடுத்த இருபத்தொன்பது வயது ரோஸ்த்யா தலையில் கை வைத்துக்கொண்டான்.

"என்ன அவசரம்? பஸ்ஸா போயிடப் போகுது?"

இரண்டாவதில் அவன் கையையே பார்த்துக்கொண்டு தாமதமாக இழுத்தாள். மரம் ஆறிப்போய்ப் படாரென்று பிளந்தது. வீதெக் சத்தமாக எண்ணினான். "ரெண்டு!"

மூன்றாவது கம்பை ரோஸ்த்யாவே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தான். பெட்டியில் வைக்குமுன் யார்மிலா அதன்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது வேண்டாம். இழை சாஞ்சு ஓரமா வெளிய ஓடுது. இங்கதான் விரிசல் விடும்."

"நல்ல கம்புங்க அது. எனக்குத் தெரியாதா?" ரோஸ்த்யாவுக்குச் சுருக்கென்றது.

"நீ வளைச்சு அனுப்பிட்டு மறந்துடுவே. பத்தொன்பது வருஷமா நீங்க விரிசல் விட்டதைத் தேய்ச்சது நான். பசையும் மரத்தூளும் வச்சு அடைச்சு அனுப்புவீங்களே, அதுவும் தெரியும்!"

சுற்றி நின்ற மற்ற வளைப்பவர்கள் நால்வரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அடுக்கைக் கலைத்து வேறு கம்பை உருவினாள்.

"நீங்களா எடுத்தது. முறிஞ்சா யாரையும் குறை சொல்லக் கூடாது" என்றான் வீதெக்.

"சொல்ல மாட்டேன்."

அவள் ஒதுக்கியதையும் சேர்த்து வைக்கச் சொன்னான் வீதெக்; இரண்டு கம்புகளும் பெட்டிக்குள் போயின. அவை நீராவியில் வேகும் ஒரு மணி நேரத்தில், பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள். பயம்தான். வாய்விட்டுச் சொன்னதைக் கை காப்பாற்ற வேண்டுமே.

மூடி திறந்தது. இம்முறை அவள் ரோஸ்த்யாவின் கையைப் பார்க்கவில்லை. அவன் மூச்சைக் கேட்டாள். அவன் மூச்சு விட்டபோது இழுத்தாள், நிறுத்தியபோது நிறுத்தினாள். மரம் முனகியது, அச்சோடு ஒட்டிப் படிந்தது. வீதெக் விளக்கைப் பிடித்து வெளிப்பக்கம் முழுதும் தேடினான். மயிரிழை விரிசல்கூட இல்லை.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றபடி அவன் ரோஸ்த்யாவைக் கூட்டிக்கொண்டு, அவள் ஒதுக்கிய கம்பைத் தானே வளைக்க இறங்கினான். பதினெட்டு வருட அனுபவக் கை. பாதி வளைவில் கம்பு படீரென்றது. பிளவு சரியாகப் பென்சில் கோட்டில் தொடங்கியிருந்தது.

வீதெக் முறிந்த கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து யார்மிலாவிடம் நீட்டினான்.

"நாளையிலேருந்து கம்பு பொறுக்கறதும் நீங்கதான்."

அவள் தாங்கள் வளைத்த வளையத்தில் தன் எழுத்தை ரோஸ்த்யாவின் எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதினாள். நெஞ்சு நிமிர்ந்திருந்தது, அதை மறைக்கவும் இல்லை. பிறகு தேய்ப்பறைக் கதவைத் திறந்து, தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்த ஹெத்விகாவைக் கூப்பிட்டாள்.

"அடுத்த வாரம் என் வளையம் வரும்டி. அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசிச்சுட்டு அழி."