அம்மா போட்டுக்கொண்ட சட்டை

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். அம்மாவுக்கு மார்பில் கட்டி எடுத்த இடத்தில் கரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். கதிர் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பொள்ளாச்சிக்குத் தெற்கே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து, ஞாயிறு தவிர்த்துத் தினமும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். முதலில் பஸ்ஸில்தான் போனோம். ஒரு நாள் கூட்டத்தில் யாருடைய முழங்கையோ இடித்துவிட, அம்மா கம்பியைப் பிடித்தபடியே கண்ணை இறுக மூடிக்கொண்டார். மறுநாளிலிருந்து என் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன்.

வண்டியில் வேறு தொல்லை. நைலான் சேலை சீட்டில் வழுக்கியது. பழைய நூல் சேலைக்கு மாறி, காற்றில் பறந்து சக்கரத்தில் மாட்டாதபடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். ஜாக்கெட்டை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அக்குள் தையல், கரண்டு வைத்து வெந்திருந்த தோலில் உரசியது. ஒரு நாள் துணி தோலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நர்ஸ் ஈரப் பஞ்சை ஒற்றி ஒற்றித்தான் அதைப் பிரித்தெடுத்தார்.

"லூசா, மெல்லிசான நூல் துணியாப் போட்டுட்டு வாங்கம்மா," என்றார்.

அப்பா அந்த நோயைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் கை வலி என்று சொல்லச் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன். அப்பா குந்த வைத்து உட்கார்ந்து, பிளேடால் தன் பழைய சட்டையின் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கழுத்துவரை தோல் கறுத்திருந்ததை அவரும் பார்த்திருக்கிறார்.

"இதப் போட்டுட்டுப் போகச் சொல்லு. தொவச்சுத் தொவச்சு மெத்துன்னு ஆயிப்போச்சு," என்று என்னிடம் நீட்டினார்.

அம்மா தயங்கினார். காட்டு வேலைக்குச் சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போடுவது வழக்கம்தான். டவுனுக்கு அப்படிப் போனதில்லை. ஜாக்கெட் இல்லாமல் அந்தச் சட்டையைப் போட்டு, அதன்மேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வண்டியில் ஏறினார். வழியில் ஒரு தடவைதான் கேட்டேன்.

"உரசுதுங்களாம்மா?"

"இல்ல கண்ணு. நீ பாத்து ஓட்டு."

திரும்பி வரும்போது கிணத்துக்கடவில் டீ குடிக்க நிறுத்தினேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த எங்கள் ஊர்க்காரப் பெண் ஒருவர் அருகில் வந்தார்.

"ஏனுங்க அக்கா, சட்டையோட எங்க போய்ட்டு வாரீங்க? காட்டுல இருந்து அப்படியே கெளம்பிட்டீங்களாட்ட இருக்குது."

நான் கை வலி என்று ஆரம்பித்தேன். அம்மா என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"மார்ல புத்து அம்மணி. அறுத்து எடுத்துப்போட்டாங்க. இப்பக் கரண்டு வெக்கறாங்க. தோலு வெந்து ஜாக்கெட்டுப் போட முடியறதில்ல. அவரு சட்டைதான் தோதா இருக்குது."

அந்தப் பெண் பஸ் வரும்வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டொரு நாளில் உறவுக்காரர்கள் இளநீரும் பழமுமாக வந்து அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பா கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். வந்தவர்களில் பெரியவர் ஒருவர், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவரிடமே கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "பயமா இருந்துச்சுங்க," என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் தோல் ஆறியது. அம்மா மேலும் நான்கு வருஷம் எங்களோடு இருந்தார்.