கிளட்ச் இல்லாமல் பதினாறு கிலோமீட்டர்: ஒரகடத்திலிருந்து மறைமலை நகருக்கு

2012 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மறைமலை நகருக்கு நான் பைக்கில் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அந்தப் பாதையில் பார்க்க ஒன்றும் கிடையாது. மதில்கள், மதிலுக்குள் கம்பெனிகள், மதிலுக்கு வெளியே லாரிகள். பதினான்கு மாதம் வேலையில்லாமல் இருந்தவனுக்கு வந்த முதல் நேர்காணல் அழைப்பு அது. தரக்கட்டுப்பாட்டு மேலாளர் பதவி. "ஒன்பதரைக்குள்ள கேட்ல பேர் குடுத்துடணும் சார், அப்புறம் லிஸ்ட் உள்ள போயிடும்" என்று தொலைபேசியில் ஒரு பெண் இரண்டு முறை சொன்னார். நாற்பத்தேழு வயதில் இன்னொரு அழைப்பு எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

மொத்தம் இருபத்தொன்பது கிலோமீட்டர். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்பினேன். ஐம்பது நிமிடம் போதும், நாற்பது நிமிடம் கைவசம் என்பது கணக்கு. ஒரகடம் சந்திப்பு வரை பதினொரு கிலோமீட்டர். அதற்கே இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப, போலீஸ்காரர் ஒருவர் அதைக் கல்யாண ஊர்வலம் போல நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்திப்பைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில், 8.31க்கு, கிளட்ச் கேபிள் அறுந்தது. லீவர் கையோடு தொளதொளவென்று வந்தது.

முந்தைய மாதம் முழுக்க வண்டியை ஓட்டியவன் என் மைத்துனன். எப்போதும் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டுவான், சொன்னால் சிரிப்பான். இழை பிரிந்திருந்த கேபிளைப் பார்த்துவிட்டு "இன்னும் ஆறு மாசம் தாங்கும் சார்" என்ற மெக்கானிக்கையும் நான் மறக்கவில்லை. இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தள்ளினேன். கையைக் காட்டினாலும் கம்பெனி பஸ் நிற்காது. ஷேர் ஆட்டோவுக்குச் சந்திப்புக்கே திரும்ப வேண்டும்.

மூன்று நிமிடத்தில் பழைய பைக் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் அலுமினிய அடுக்கு, பக்கவாட்டில் சாம்பார் தூக்கு. ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு இட்லி விற்கும் ஏழுமலை, சேரப்பணஞ்சேரிக்காரர், ஏறக்குறைய என் வயது.

"இன்னா சார், கேபிள் பூட்ச்சா?"

"ஆமாம். பக்கத்தில் மெக்கானிக் இருக்கிறாரா?"

"சிங்கபெருமாள் கோயில் போனாத்தான். நீ ஏன் சார் தள்ளிக்கினு கீற? ஏறி ஓட்டு."

"கிளட்ச் இல்லாமலா?"

"எனக்கு மட்டும் கீதா?" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. அவர் வண்டியில் கிளட்ச் லீவரே இல்லை; கழற்றி எறிந்திருந்தார். "ப்ரெஸ்ல போச்சி சார். நாலு வருசமா இப்பிடித்தான் ஓட்டறேன்."

எப்படிப் போயிருக்கும் என்று நான் கேட்கத் தேவையில்லை. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் தகடு வெட்டும் ப்ரெஸ் இறங்க வேண்டும். உற்பத்தி எண்ணிக்கை ஏற வேண்டும் என்பதற்காக ஒரு பட்டனைக் கட்டி வைத்துவிடுவார்கள். பதினெட்டு வருடம் இதே தொழிலில் இருந்தவன் நான். அப்படிக் கட்டிய பட்டன் ஒன்றைப் பற்றி எழுதிக் கொடுத்ததில்தான் என் மேலாளருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது.

இவ்வளவும் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறியிருக்க வேண்டும். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். கிளட்ச் எதற்காக இருக்கிறது, இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப்போகாவிட்டால் கியர்பாக்ஸின் பற்கள் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். புழுதியில் குச்சியால் படம்கூடப் போட்டேன். பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு பேர் இட்லி வாங்கினார்கள். ஒருவர் தெற்கத்திக்காரர்.

"என்ன அண்ணே, காலையிலேயே வகுப்பு நடக்கு?"

"சார் எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறாரு" என்றார் ஏழுமலை. பிறகு என்னிடம், "இட்லி ஆறுது சார். சீக்கிரம் சொல்லி முடி."

முடித்தேன். அவர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, உட்கார்ந்தபடி இரண்டு காலாலும் உந்த வேண்டும். வண்டி நடைவேகத்துக்கு வந்ததும் முதல் கியரைத் தட்ட வேண்டும். ஏற்றும்போது, கியர் லீவருக்கு அடியில் கால் நுனியை வைத்து லேசாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மிதமான வேகத்தில் ஆக்சிலேட்டரை ஒரு கணம் மூடினால் கியர் தானாக விழும். உடனே திறக்க வேண்டும். இறக்கும்போது, லீவரை லேசாக அமுக்கிக்கொண்டு ஆக்சிலேட்டரைத் துளி முறுக்கிவிட வேண்டும். நிற்பதற்கு முன் நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும்.

முதல் முயற்சியில் கியர் லீவரை உதைத்தேன். கடகடவென்று அரைத்து வண்டி குலுங்கியது. இரண்டாவது முறை இன்ஜின் அணைந்தது.

"கோவத்தக் கால்ல காட்டாத சார். அது உன்ன இன்னா பண்ணிச்சி?"

ஐந்தாவது முறை இரண்டாம் கியர் விழுந்தது. சத்தமே இல்லை. அடுத்து மூன்று, நான்கு. கையால் கிளட்ச் பிடித்துப் பதினெட்டு வருடம் ஓட்டியதில் ஒருநாளும் கியர் இவ்வளவு வழுக்கிக்கொண்டு விழுந்ததில்லை. திரும்பி வந்து நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. நின்றால் மறுபடி உந்த வேண்டும். கையை மட்டும் தூக்கினேன். 8.56.

பத்து கிலோமீட்டர் நன்றாகவே போனது. நாற்பதைத் தாண்டவில்லை, முன்னால் போகும் டிப்பருக்கு எண்பதடி இடைவெளி விட்டேன். விட்ட இடத்திலெல்லாம் எவனாவது புகுந்தான். அவர்கள் எல்லோரையும் தனித்தனியாகத் திட்டினேன். ஆனால் கால் மட்டும் மென்மையாகவே இருந்தது. கோபப்படும்போதே ஓர் உறுப்பை அதிலிருந்து விலக்கி வைக்க முடியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

சிங்கபெருமாள் கோயில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில், பின்னாலேயே ஒரு மின்சார ரயில்: எட்டு நிமிடம். திறந்ததும் இருபுறமும் முட்டிக்கொண்ட கூட்டத்தில் உந்தி ஓட இடமில்லை. இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டித் தள்ளி, ஜிஎஸ்டி சாலையில்தான் முதல் கியர் போட்டேன்.

கம்பெனி வாசலுக்கு வந்தபோது 9.34.

"லிஸ்ட் உள்ள போச்சி சார்" என்றார் காவலாளி.

"நாலு நிமிஷம்தானே? உள்ளே ஒரு போன் செய்யுங்கள்."

செய்தார். கேட்டார். வைத்தார். "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்னு சொல்றாங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா?"

குடிக்கவில்லை. அந்த மரியாதையான குரலில்கூட எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இந்தப் பாதையில் பைக்கில் போகிறவர்களுக்கு: காலை எட்டு முதல் பத்து வரை ஒரகடம் சந்திப்புக்குத் தனியாக அரை மணி ஒதுக்குங்கள், ரயில்வே கேட்டுக்குப் பத்து நிமிடம். கிளட்ச் கேபிள் எண்பத்தைந்து ரூபாய், மாட்டும் கூலி நாற்பது. உபரியாக ஒன்றை வாங்கி, பழைய கேபிளோடு சேர்த்தே கட்டி வையுங்கள். கிளட்ச் இல்லாமல் கியர் மாற்றுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில் பழகுங்கள்; நெரிசலில் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து, யாரால் எவ்வளவு தாமதம் என்று ஒரு தாளில் எழுதினேன். சண்டைக்கு ஆதாரம் வேண்டுமே. போலீஸ்காரர், ரயில்வே கேட், எல்லாம் எழுதினேன். ஏழுமலை வந்து நின்றது 8.34. அவர் சொன்னபடி நான் முதன்முதலில் கியரில் கால் வைத்தது 8.47. நடுவில் இருந்த பதின்மூன்று நிமிடமும், அவர் வண்டி ஓடாது என்று அவருக்கே நான் நிரூபித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தேவைப்பட்டது நான்கு.