கைக்குக் காற்று, காலுக்குத் தரை

விமானத்தில் முதன்முதலாக உட்கார்ந்த அன்றே அதைப் புல்லுக்குள் விட்டேன். பறக்கக்கூட இல்லை. ஓடுதளத்துக்குப் போகிற வழியில் அது லேசாக வலப்பக்கம் ஒதுங்கியது. பாதி வாழ்நாள் லாரி ஓட்டிய கை என்ன செய்யும்? எதிரே இருந்த ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தது. விமானம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இன்னும் ஒடித்தேன். அது தன் போக்கில் போய் முன்சக்கரத்தைப் புல்லில் வைத்த பிறகுதான் பக்கத்திலிருந்த பயிற்சியாளர் பிரேக்கை அழுத்தினார். சேலத்துப் பெண், என் வயதில் பாதி.

"அண்ணா, தரையில கையை மறந்துடுங்க. இதுக்குக் கால்தான் ஸ்டியரிங்."

"காலுக்குக் கிளச்சு மட்டுந்தானுங்க மேடம் தெரியும்."

"இங்க கிளச்சும் இல்ல, ஹாரனும் இல்ல. கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

நாற்பத்தைந்து வயதில், முதல் வகுப்புப் பையனைப் போலக் கைகட்டி உட்கார்ந்து, கால்மிதிகளால் விமானத்தை நடத்திக்கொண்டு போனேன்.

நாமக்கல்லில் முட்டை ஏற்றிப் பெங்களூரில் இறக்கி, காலி முட்டை அட்டைகளை மலைபோல் அடுக்கித் திரும்பும் பிழைப்பு எனக்கு. சேலம் விமான நிலையம் இருக்கிற ஓமலூரைத் தொடும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டுவேன். மேலே பயிற்சி விமானங்கள் எழும், வட்டமிடும், இறங்கும். கையில் டீ ஆறும். எனக்குள் ஏதோ ஒன்று ஆறவே ஆறாது. ஒரு நாள் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பள்ளியில் பாதியில் விட்ட இயற்பியலையும் கணக்கையும் லோடுக்குக் காத்திருக்கும் நேரங்களில் கேபினில் படித்து எழுதித் தேறினேன். டாக்டர்கள் கண்ணையும் காதையும் இதயத்தையும் தட்டிப் பார்த்து, போகலாம் என்றார்கள். லாரியை விற்றுப் பயிற்சிக்குப் பணம் கட்டினேன்.

நாமகிரிப்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடை அதற்காகவே காத்திருந்தது போலச் சிரித்தது.

"ஏனுங்க மாப்ள, மேகத்துல என்னங்க லோடு? பஞ்சுங்களா?"

"ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி யாருங்க பாப்பாங்க?"

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "லாரி ஓட்டுனப்பவும் நீங்க ஊட்டுல தங்கலைங்க. ரோட்டுல போனவரு மேல போறீங்க, அவ்வளவுதானுங்க. போயி ஒழுங்கா எறங்கி வாங்க."

ஒழுங்காக இறங்குவது. எல்லாம் அதில்தான் வந்து நின்றது. வணிக விமானி உரிமத்துக்கான கடைசிப் பறப்புத் தேர்வு. தேறினால் சின்ன விமானங்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் துணை விமானி வேலை. அந்த மாதத்துக்குள் உரிமம் வராவிட்டால் அந்த இருக்கை வேறொருவருக்கு. தேர்வு வந்ததோ ஆடியில். காற்று மேற்கிலிருந்து சோளத்தட்டைகளைப் படுக்க வைத்துக்கொண்டு வந்தது. காலையில் தேர்வுக்கு வந்த இரண்டு இளைஞர்கள், இன்னொரு நாள் பார்த்துக்கொள்கிறோம் என்று திரும்பிவிட்டார்கள். விதி அனுமதிக்கும் எல்லைக்குள்தான் காற்று இருந்தது. ஆனால் அந்த எல்லையின் விளிம்பில்.

தேர்வாளர் அதிகம் பேசாத மனிதர். "என்ன, போலாமா?" என்றார்.

"போலாமுங்க சார்."

மேலே கேட்டதையெல்லாம் செய்துகாட்டினேன். பிறகு சேர்வராயன் மலையை முதுகுக்குப் பின்னால் விட்டு ஓடுதளத்தை நோக்கி இறங்கினேன். வலப்பக்கத்திலிருந்து காற்று தள்ளியது. வலது இறக்கையைக் காற்றுக்குள் தாழ்த்தி, இடது காலை மிதித்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் இழுபடாமல் மூக்கை நேராக வைத்தேன். வலது சக்கரம் தொட்டது. அப்புறம் இடது. அப்பாடா என்று கை தளரும் கணம் அதுதான். காற்று இறக்கைக்கு அடியில் நுழைந்து தூக்கிப் பார்க்கும் கணமும் அதுவேதான்.

தூக்கியது. என் கை தளரவில்லை. நான் சொல்லுமுன்பே காற்றின் பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டது. எத்தனை ஆடிகளில், எடையே இல்லாத காலி அட்டை லோடைக் காற்று சாய்க்க வந்தபோது இப்படிப் பிடித்திருக்கிறது அது! கீழே காலோ, கைகட்டி உட்கார்ந்து கற்ற பாடத்தை மறக்காமல், வெள்ளைக் கோட்டை விட்டு விலகாமல் ஓட்டியது. கை காற்றைப் பார்த்துக்கொண்டது. கால் தரையைப் பார்த்துக்கொண்டது. முதன்முதலாக நான் முழுசாக ஓட்டினேன்.

இன்ஜின் அடங்கியதும் தேர்வாளர் திரும்பினார். "தரை தொட்டதும் நெறைய பேர் கையை விட்டுடுவாங்க. எங்க பழகுனீங்க?"

"முட்டை அட்டைங்க சார்."

அவர் விளக்கம் கேட்கவில்லை. "பாஸ்" என்றார்.

வெளியே பயிற்சியாளர் ஓடி வந்தார். "கையை மறக்கச் சொன்னேனே அண்ணா!"

"நான் மறந்துட்டேனுங்க மேடம். அதுதானுங்க என்னைய மறக்கல."

உரிமம் வந்தது. இருக்கையும் எனக்கே. தோளில் பட்டைகள் குத்திய வெள்ளைச் சட்டையை வீட்டுக்காரி இரண்டு முறை தேய்த்துக் கொடுத்தாள். துணை விமானியாக நான் பறந்த முதல் நாள், வெண்ணந்தூர் ஏரி பக்கவாட்டில் மின்னியது. கீழே நெடுஞ்சாலையில் ஒரு லாரி, தீப்பெட்டி அளவு, தார்ப்பாய் காற்றில் உப்பிப் புடைக்கப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் இருப்பவனின் கை எந்தப் பக்கம் ஒடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே பக்கம்தான் என் கையும் இருந்தது, கொஞ்சம் உயரத்தில்.