முப்பத்தெட்டு டிகிரி

தம்போய் என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், சாயத்தொட்டியின் வெப்பத்தைக் கணினித் திரையில் காட்டும் இணைப்பை அமைத்துக் கொடுத்தவர் அவர். வெளி நிறுவனத்து ஆள். கசங்காத சட்டை. எந்தக் கேபிளையும் செருகுவதற்கு முன் அதன் முனையை வெள்ளைக் கைக்குட்டையால் இரண்டு முறை துடைப்பார். தூசி ஆகாதாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் குறிப்பேட்டில் எட்டு மணிக்கு முப்பத்தெட்டு டிகிரி என்று இருக்கிறது. ஒன்பதுக்கும் முப்பத்தெட்டு, பத்துக்கும் முப்பத்தெட்டு. மூன்று முறை எழுதிய எனக்கே சந்தேகம் வரவில்லை. திரையை நம்பி, தொட்டியில் வேலை பார்க்கும் மாரியக்கா பத்தேகாலுக்குத் தொட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி அடித்து அவருடைய வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. கேபிள் காலையிலேயே கழன்றிருக்கிறது.

மறுநாள் அந்தக் கேபிள்காரர் வந்ததும், அவர் கண்முன்னேயே கேபிளைப் பிடுங்கினேன். திரையில் எண் அசையவில்லை.

"லைன் அறுந்தா அலாரம் அடிக்கணும்ல?"

"சும்மா சும்மா அடிச்சுச்சுண்ணே. ஆபிஸ்ல ஏசுனாங்க. அதான் கடைசி நம்பரையே காட்டுற மாதிரி செட் பண்ணிட்டேன். எல்லா இடத்துலயும் அப்படித்தான்லா."

"அக்கா கையப் போய்ப் பாத்தீங்களா?"

"நான் கேபிள் ஆளுண்ணே."

பக்கத்திலேயே நின்று அலாரத்தைத் திரும்பப் போட வைத்தேன். முடித்துவிட்டு, நான் பிடுங்கிய கேபிளை எடுத்தார். கைக்குட்டையை உதறி, முனையை நிதானமாக இரண்டு முறை துடைத்தார்.

அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கி அவர் முகத்தில் எறிய என் கை துடித்தது. இன்றும் துடிக்கிறது.