அக்காவுக்கு மார்லிஸ் எடுத்துக் கொடுத்த சாமான்கள்

புதிதாக, படுக்கையும் சமையலும் கழிப்பறையும் உள்ளேயே உள்ள வீட்டு வண்டி வாங்கியவர்களை எங்கள் முகாமில் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். வாசலில் ஆறு நாற்காலி போட்டிருப்பார்கள். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கட்டை இருக்காது. அப்படிப்பட்டவர்களை நான் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த ஹோலிஸின் வண்டிச் சாமான் கடைக்கு அனுப்புவேன். மார்லிஸ் என்று ஒருத்தி இருப்பாள், அவள் எடுத்துக் கொடுப்பதை மட்டும் வாங்குங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்பேன்.

அரிசோனா பாலைவனத்தில் பிட்டர் வெல் என்கிற எங்கள் ஊரில் கோடையில் இருநூறு பேர் இருந்தால் அதிகம். வடக்கே பனி விழத் தொடங்கியதும் வண்டிகள் வரிசை கட்டி வந்துவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வீட்டை விற்றுவிட்டுச் சக்கரத்தின் மேல் குடியேறியவர்கள். முகாமில் அவர்களுக்கு இடம் காட்டிவிடுவது என் வேலை.

மார்லிஸ் ட்வெட் ஒட்டடைக் குச்சி போல் உயரம். சிரித்து நான் பார்த்ததில்லை. கடைக்கு வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்பாள். இதுவரை வண்டியில் எத்தனை ராத்திரி படுத்தீர்கள்? அடுத்து எங்கே போகிறீர்கள்? குழாயை யார் மாட்டப்போகிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு யார் பதில் சொன்னாரோ, அதன்பின் அவரிடம் மட்டும்தான் பேச்சு. குடிநீருக்கென்று தனிக் குழாய், தண்ணீரின் வேகத்தை மட்டுப்படுத்தும் பித்தளைத் துண்டு, மின்சாரம் ஏறி இறங்கினால் தாங்கிக்கொள்ளும் பெட்டி, வண்டியை மட்டமாக நிறுத்தப் பலகைகள், சக்கரக் கட்டை, கழன்றுவிடாமல் முனையில் பூட்டு வைத்த தடித்த கழிவுக் குழாய், முழங்கை வரை வரும் கையுறை. இவ்வளவுதான். வண்ண விளக்குச் சரத்தைக் கையில் எடுத்த ஓர் ஆசிரியரிடமிருந்து அதைப் பிடுங்கித் திரும்ப மாட்டினாள்.

"மொதல்ல தண்ணி உள்ள வரணும், கழிவு வெளிய போகணும், கரண்டு வண்டிய எரிக்காம இருக்கணும். வெளக்கு அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்."

அவள் சொந்த ஊர் வடக்கு டகோட்டாவில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் படுக்கையில் விழுந்தபோது பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டு வந்து பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டாள். தூக்கி உட்கார வைப்பது, ஊட்டுவது, மலச்சட்டி எடுப்பது எல்லாம் அவள்தான். அக்கா ஆர்டிஸ் மினியாபொலிஸில் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போவாள். தாய் இறந்து நாலாம் நாள் ஆர்டிஸ் ஒரு பத்திரத்தைக் காட்டினாள். வீடு அவள் பேரில் இருந்தது. தாய்க்கு நினைவு தப்பத் தொடங்கிய வருஷம் போட்ட கையெழுத்து. மார்லிஸ் காலி செய்ய இரண்டு வாரம் கிடைத்தது. பழைய வேன் ஒன்றில் துணிமணியைப் போட்டுக்கொண்டு தெற்கே ஓட்டியவள், எஞ்சின் நின்றுபோன இடத்தில் இறங்கினாள். அது ஹோலிஸின் கடை வாசல்.

இதை என்னிடம் அவள் சொன்னது ஒரே ஒரு தடவை. அழவில்லை. கதையை முடித்துவிட்டு, "அவ என்னைத் தேடி வர வேணாம். வழி தவறியாவது ஒருநாள் வருவா. அது போதும்" என்றாள்.

அவள் கடையில் சேர்ந்து ஆறு வருஷம் கழித்து, ஒரு நவம்பரில், முப்பத்தாறு அடி நீளத்தில் பளபளவென்று ஒரு வண்டி எங்கள் முகாமுக்குள் நுழைந்தது. பதினான்காம் எண் இடத்தைக் கொடுத்தேன். கணவர் பேர் லோவல், மனைவி ஆர்டிஸ். பேரைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. வழக்கம்போல் கடைக்கு அனுப்பிவைத்தேன்.

அங்கே நடந்ததை ஹோலிஸ் பிறகு சொன்னான். வந்தது மார்லிஸின் அக்காவேதான். ஆர்டிஸ்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு கையை விரித்தபடி போயிருக்கிறாள்.

"அடி மார்லிஸ், நீ இங்கியா இருக்க? நாங்க எங்கெல்லாம் விசாரிச்சோம் தெரியுமா?"

"விசாரிச்சீங்களா அக்கா. சந்தோஷம்."

வீட்டை விற்ற பணத்தில்தான் இந்த வண்டி என்பதை லோவல் பெருமை பொங்க உளறிவிட்டான். ஆர்டிஸ் அவன் காலை மிதித்தாள். மார்லிஸ் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நம்ம வீட்டுப் பெண்ணே கடையில் இருக்கிறாள், இனி ஏமாற வேண்டியதில்லை என்று லோவல் கூடையை எடுத்துக்கொண்டான்.

அன்று மட்டும் மார்லிஸ் மூன்று கேள்வி கேட்கவில்லை. முதலில் தீயணைக்கும் உருளையையும், எரிவாயு கசிந்தால் கத்தும் கருவியையும் எடுத்துக் கூடையில் வைத்தாள். பிறகு விளக்குச் சரம், வாசலுக்குப் புல் போன்ற விரிப்பு, மதுக்கோப்பை மாட்டும் தாங்கி, ஆர்டிஸ் எதைத் தொட்டாலும் அது. அக்கா ரசனைக்கு இது பொருத்தம், இது பொருத்தம் என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். கழிவுக் குழாய் என்று வந்தபோது பூட்டில்லாத மெல்லிய குழாயைக் கொடுத்தாள். கையுறை கொடுக்கவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பும்போது ஒரு யோசனையும் சொன்னாள்.

"அத்தான், கழிவுத் தொட்டி வால்வைத் தொறந்தே வச்சிருங்க. தெனமும் குனிஞ்சு நிமிர்ற வேலை மிச்சம்."

வண்டியில் வாழ்கிற எவனும் இதைச் செய்யமாட்டான். தொட்டி நிறையும்வரை வால்வை மூடி வைத்து, பிறகு ஒரே வீச்சில் திறந்துவிட்டால்தான் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் வடிந்துவிடும். மற்றது அடியில் தங்கிக் காய்ந்து, நாளுக்கு நாள் சிமெண்டு மேடு போல் உயரும்.

பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை ஆர்டிஸ் வாசலில் விளக்குச் சரம் எரிய, பக்கத்து வண்டிக்காரர்களை அழைத்து விருந்து வைத்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாம் நாள் காலை கழிப்பறை மேலே பொங்கிவிட்டது. வண்டிக்குள் தரையெல்லாம். லோவல் வெறுங்கையோடு வண்டிக்கு அடியில் புகுந்து ஒரு கம்பியை விட்டுக் குத்தினான். அடைப்பு திடீரென்று உடைத்துக்கொண்டது. பூட்டில்லாத குழாய் கழன்று தெறித்தது. கழிவு அவன் மார்பிலும் முகத்திலும், புல் விரிப்பிலும், பக்கத்து வண்டிக்காரர் காலைச் சாப்பாடு வைத்திருந்த மேஜைக்கு அடியிலும் ஓடியது. வரிசையே எழுந்து நின்று பார்த்தது. முகாம் விதிப்படி அன்று மாலைக்குள் காலி செய்யச் சொல்ல வேண்டியவன் நான். மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

ஆர்டிஸ் சாலையைக் கடந்து கடைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"வேணும்னே சொன்னியா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"கூடப் பொறந்தவளுக்கு இப்படிப் பண்ணுவியா? அம்மா பாத்தா என்ன நெனைப்பா?"

மார்லிஸ் கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா பீய பதினோரு வருஷம் நான் அள்ளுனேன் அக்கா. நீ ஒரே ஒரு நாள் காலைல அள்ளுன, அதுவும் உங்களோடது. அதுக்கே ஓடி வந்துட்ட."

 ஆர்டிஸ் அங்கிருந்தவர்களைப் பார்த்தாள். ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பி நடந்தாள்.

ஹோலிஸ் நல்லவன், பேச்சு குறைவு. எல்லோரும் போகும்வரை காத்திருந்தான். மார்லிஸ் பட்டது அவனுக்குத் தெரியும். அவள் இடத்தில் இருந்தால் அவனும் அதைத்தான் செய்திருப்பான். அதை அவளிடமே சொன்னான். பிறகு, "ஆனா இந்த மேஜைக்குப் பின்னாடி நின்னு நீ சொல்ற வார்த்தைய நம்பித்தான் சனங்க வர்றாங்க. போயி அந்த வண்டிய சரி பண்ணிக் குடுத்துட்டு வா. அப்புறம் இதப் பத்திப் பேசவே வேணாம்" என்றான்.

அரை மணி நேர வேலை. எப்படிச் செய்வது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் அவள் கடை மேலங்கியைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தாள். ஆறு வருஷத்துக்கு நன்றி சொன்னாள். சரி செய்து வைத்திருந்த அந்தப் பழைய வேனை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள்.

பதினான்காம் எண் வண்டியை எந்தப் பழுதுபார்ப்பவனும் சீக்கிரத்தில் தொட வரவில்லை. கடைசியில் லோவல் அதை ஊர் எல்லையிலேயே ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் தள்ளிவிட்டான். இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்தில் ஆளுக்கொரு பெட்டியோடு, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு.

நாற்பது மைல் தள்ளி, நெடுஞ்சாலை ஓரத்தில் வேறொரு கடையில் மார்லிஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஜனவரியில் பார்க்கப் போனேன். அதே மாதிரிதான் இருந்தாள். தீயணைக்கும் உருளையை ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"அவங்க சாக வேணாம். நாறினாப் போதும்" என்றாள்.

இப்போது நிம்மதியா என்று கேட்டேன். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு வாரம் கொழந்த மாதிரி தூங்குனேன். ரொம்ப ருசியா இருந்துச்சு. அப்புறம் தீந்துபோச்சு. ஹோலிஸ் கடை ஞாபகம்தான் வருது, அக்கா ஞாபகம் வரல." ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா மறுபடி அவ வந்து நின்னாலும் அதையேதான் சொல்லுவேன்" என்றாள்.

 புதிதாக வருகிறவர்களை இன்றும் நாற்பது மைல் தள்ளி அவளிடம்தான் அனுப்புகிறேன். ஹோலிஸுக்கு இதில் வருத்தம் உண்டு. அவன் இப்போது வைத்திருக்கும் ஆளுக்குக் குடிநீர்க் குழாய்க்கும் தோட்டக் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மார்லிஸிடம் வாங்கி வந்தவர்களைப் பையைப் பிரித்துக் காட்டச் சொல்லி, ஒருமுறை நானும் பார்த்துவிடுகிறேன். அவள் என்ன சொல்லி அனுப்பினாள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.