கடைசித் தட்டுக்கு ஒரு பூ

சில்யான் ஏரிக்கரை ஊர்களில் நடுக்கோடைப் பண்டிகை விருந்து என்றால் மேசை வெளியில்தான். மழை கொட்டினாலும் குடையைப் பிடித்துக்கொண்டு ஊறுகாய் மீனைத் தின்பார்களே தவிர உள்ளே போக மாட்டார்கள். குன்வோர் வீட்டில் அந்தக் கனத்த மேசையை ஆப்பிள் மரத்தடியில் கொண்டுவந்து போடுவது, கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை ஸ்டெல்லானின் வேலை. ஆள் பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் ஊரைச் சுமந்து திரிந்தாலும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டான்.

போன பனிக்காலத்தில் அவனும் குன்வோரின் மகள் மாலினும் பிரிந்துவிட்டார்கள். ஆனாலும் "அப்பா வந்தே ஆகணும்" என்று அவர்களுடைய சின்ன மகள் தூவா ஒற்றைக்காலில் நின்றதால் வந்திருந்தான். மாலினும் தூவாவும் பண்டிகைக்காக ஊர் நடுவில் நடும் கம்பத்துக்குப் பூச்சுற்றப் போயிருந்தார்கள்.

ஒரு முனையை மாமியார் பிடிக்க, மேசை வெளியே வந்தது. குன்வோரின் செருப்பிலும் கணுக்கால் வரையிலும் சேறு அப்பியிருந்தது. பூக்களெல்லாம் வாசலிலேயே கிடைக்கும்போது இந்தப் பொம்பளை காலையில் எங்கே போய் மிதித்தாள் என்று அவனுக்குள் குடைந்தது.

"வாளியில இருக்கிற பூவ நீயே வை. யாருக்கு எதுன்னு தெரியுமில்ல?"

தெரியாமலா? அந்த வீட்டில் பெயர்ச்சீட்டு கிடையாது. ஆளுக்கொரு பூ, அது இருக்கும் தட்டு அவர்களுடையது. முதல்முறை வரும் விருந்தாளிக்கு மட்டும் புல்வெளியில் தானாய் முளைக்கும் மஞ்சள் டேன்டேலியன். மறுவருஷமும் வந்தால்தான் சொந்தப் பூ. அப்படி அவனுக்குக் கிடைத்தது நீல மணிப்பூ.

மாலினுக்கு வெள்ளைச் சாமந்தி, தூவாவுக்குச் சிவப்பு மணப்புல் பூ, அத்தைக்குக் காட்டு ரோஜா. வாளி காலியாயிற்று. நீலம் இல்லை. கடைசித் தட்டு வெறுமையாக இருந்தது. மறந்திருப்பாளோ? கேட்கலாமா? கேட்டு இல்லையென்றுவிட்டால்?

குன்வோர் சமையலறையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து அந்தத் தட்டருகே வைத்தாள். உள்ளே ஒரே ஒரு டேன்டேலியன்.

ஸ்டெல்லான் அதையே பார்த்தான். புது ஆள் வருகிறான். மாலினுக்கு வேண்டியவனாகத்தான் இருக்கும். அப்படியானால் தனக்குத் தட்டே இல்லை.

"யாரு வர்றாங்க, அத்தை?"

"வந்தாச்சு."

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"அங்க என்னத்தப் பாக்குற? மாப்பிள்ளையா வந்தவனோட பூவ மாலின் எடுத்துக்கிட்டா. அது அவ பாடு. ஆனா இது என் மேசை. இன்னிக்கு நீ புதுசா வந்திருக்க. புது ஆளுக்கு இதான்."

அவன் குவளையைத் தட்டுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினான்.

"இந்தப் பூவுக்குப் பருவமே போயிடுச்சு. எங்க பாத்தாலும் விதை பஞ்சு பஞ்சா பறக்குது. ஏரிச் சதுப்புல எறங்கித் தேடினேன், முட்டி விட்டுப்போச்சு."

"அடுத்த வருஷம், அத்தை?"

"வந்தா, வேற பூ பாக்கலாம். இப்பப் போய் உருளைக்கிழங்க எறக்கு, கொழைஞ்சிடப் போகுது."