சந்தனம் இல்லாத மொட்டை

என் தலையை நானே மழித்துக்கொண்டபோது எனக்குப் பத்து வயது. அதற்கு முன்பும் இரண்டு முறை மொட்டை போட்டிருந்தார்கள். ஆனால் அதிலெல்லாம் என் பங்கு ஓவென்று அழுவது மட்டும்தான்.

அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, மதுரை ஆஸ்பத்திரியில் நான்கு நாட்களாகக் கண் திறக்காமல் கிடந்தார். (இப்போது நன்றாக இருக்கிறார். இன்று காலைகூட தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்ததற்கு என்னைத் திட்டினார்.) அம்மா அவர் பக்கத்தில் இருந்தாள். சாக்கோட்டை வீட்டில் எனக்குத் துணை அப்பாவின் தங்கை, என் அத்தை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று, "அவுக எந்திரிச்சு வந்துட்டா இவனுக்குக் குன்றக்குடியில மொட்டை போட்டுர்றேன் முருகா" என்று வேண்டிக்கொண்டாள். நாலு நாளாகியும் முருகன் மசியவில்லை. எனக்கு அவர் பக்க நியாயம் புரிந்தது. எங்கள் வீட்டு டிவியே முதலில் ரீசார்ஜ் செய்தால்தான் படம் காட்டும். காரியம் முடிந்த பிறகு தருகிறோம் என்றால் சாமி மட்டும் எப்படி நம்பும்?

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க அம்மா வருவதாக இருந்தது. மத்தியானம் அத்தை மாட்டுக்குப் புல்லறுக்கப் போனதும் கதவைச் சாத்தினேன். கத்தரிக்கோலால் கொத்துக்கொத்தாக வெட்டி, சோப்பு நுரையை அப்பி, அப்பாவின் ரேசரை எடுத்தேன். முன்பக்கம் சொன்னபடி கேட்டது. பின்மண்டையில் கை போன இடத்துக்குக் கண் போகவில்லை. நான்கு இடத்தில் வெட்டுக் காயம். ஆனாலும் அழவில்லை. கடைசியில் தடவிப் பார்த்தபோது மழமழவென்று இருந்தது. என் தலை எனக்கே புதிதாக இருந்தது. இப்படி ஒரு பெரிய காரியத்தை ஒற்றை ஆளாகச் செய்துவிட்டேனே என்று பெருமை தாங்கவில்லை.

முடியை மஞ்சப்பையில் பத்திரப்படுத்திவிட்டுக் குளித்தேன். மொட்டைக்குச் சந்தனம் பூச வேண்டும். வீட்டில் சந்தனம் இல்லை. விபூதி நிறைய இருந்தது. அதைக் குழைத்துத் தலை முழுக்க அப்பினேன். காயம் எரிந்தது. மிச்சத்தை நெஞ்சிலும் கையிலும் பட்டையாகப் போட்டுக்கொண்டேன். அதற்குள் பஸ் ஹாரன் கேட்கவே, இடுப்பில் கட்டிய ஈரத்துண்டோடு அம்மாவிடம் சொல்ல ஓடினேன்.

எங்கள் பக்கம் ஒரு பையன் சந்தனமில்லாத மொட்டையும் ஈரத்துண்டும் உடம்பெல்லாம் விபூதியுமாக எதிரில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தகப்பனுக்குக் கொள்ளி வைத்த பிள்ளை அப்படித்தான் வருவான். அம்மா மதுரையை விட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. செல்லில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. மூன்று மணி நேரத்தில் எல்லாம் எப்படி முடிந்திருக்கும் என்று அந்த நிமிடத்தில் யாரால் யோசிக்க முடியும்?

பஸ்ஸை விட்டு இறங்கியவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த கூடை விழுந்தது. அப்படியே தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையேடா..."

"யாருக்குமே தெரியாதும்மா. நானேதான் போட்டுக்கிட்டேன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவள் காதில் எதுவும் விழவில்லை. புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்த அத்தை அதைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "மதினி! அண்ணன் நல்லாருக்காக! இப்பத்தான் போன் வந்துச்சு, கண்ணு முழிச்சிட்டாகளாம்! இந்தப் பய தானாச் சிரைச்சுக்கிட்டு நிக்கிறான்!"

அம்மா எழுந்திருக்கவில்லை. என்னை இழுத்து முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் என் தலையைத் துடைத்துத் துடைத்து அழுதாள். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"அழாதம்மா," என்று தேற்றினேன். "ரெண்டு மாசத்துல முளைச்சிரும்."